சின்ன ஸ்பீக்கரா, பெரிய ஸ்பீக்கரா? வீட்டில் நிஜம்போலக் கேட்க எது வேண்டும்

1915-இல் தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடிசனின் ஃபோனோகிராஃப் கம்பெனி அமெரிக்காவில் ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் ஒரு பாடகி நிற்பார், பக்கத்தில் கருவி இருக்கும். அவர் பாடிக்கொண்டே இருப்பார், நடுவில் வாயை மூடிக்கொள்வார், அதே பாட்டை இசைத்தட்டு தொடரும். சில இடங்களில் விளக்கை அணைத்துவிட்டு, பாடுவது ஆளா தட்டா என்று கூட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பலர் ஏமாந்துதான் போனார்கள். இத்தனைக்கும் அந்தக் கருவியில் ஒலியைப் பெருக்க மின்சாரமே கிடையாது. அந்த மேடைகளில் பாடியவர்களில் ஒருவரான ஆனா கேஸ் பின்னாளில் குட்டை உடைத்துவிட்டார்: கருவியின் ஒலிக்குத் தகுந்தபடி தன் குரலை மாற்றிக்கொண்டு பாடினாராம்.

கருவி நிஜத்தின் அளவுக்கு ஏறவில்லை, நிஜம் கருவியின் அளவுக்கு இறங்கி வந்தது. வீட்டில் ஸ்பீக்கர் வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. டிரம்ஸ் வாசிப்பவர் நம் ஸ்பீக்கருக்காக மெதுவாக அடிக்கப்போவதில்லை. அதனால் "எந்த சைஸ் வாங்கலாம்?" என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது: எந்த ஒலியை, எவ்வளவு சத்தத்தில், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறோம்? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபெல். ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது ஒரு மீட்டர் தூரத்தில் அது சுமார் 60. கிட்டார் அதைவிட 10, 15 டெசிபெல் கூட. வீணை அடங்கிய வாத்தியம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது. பெரிய பியானோவை அழுத்தி வாசித்தால் அருகே உச்சங்கள் 100-ஐத் தாண்டும். பயிற்சி பெற்ற ஓபரா பாடகரின் குரலும் பக்கத்தில் நின்றால் அந்த உயரத்தைத் தொடும். ஓர் அறைக்குள் டிரம்ஸ் முழு வேகத்தில் வாசிக்கப்பட்டால் அடிகளின் உச்சம் 115-க்கும் மேல் போகும். பேச்சுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே 55 டெசிபெல் இருக்கிறது. மூன்று டெசிபெல் கூட்ட இரண்டு மடங்கு சக்தி, பத்து டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு சக்தி என்பது கணக்கு. 55 டெசிபெல் என்றால் மூன்று லட்சம் மடங்குக்கு மேல். ஒரே ஜோடி ஸ்பீக்கர் இந்த இரண்டு வேலையையும் ஒரே மாதிரி செய்யும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

பெரிய ஸ்பீக்கர் எதற்கு

ஸ்பீக்கரின் வேலை காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும்தான். சுருதி கீழே போகப் போக அதே சத்தத்துக்கு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது, ஹெர்ட்ஸில் சொல்வார்கள்) பாதியாகக் குறைந்தால் தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்கு. ஸ்பீக்கருக்குள் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும் கூம்பு 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால், அதே சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும், 20-இல் பதினாறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்து அங்குல வூஃபர் (கீழ்ச் சுருதிகளுக்கான கூம்பு) என்று சொல்வதில் உண்மையில் காற்றைத் தள்ளும் பரப்பு சுமார் 85 சதுர சென்டிமீட்டர். அது முன்னும் பின்னும் ஐந்து மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம், அந்த சைஸுக்கு அது நல்ல அளவு. மூடிய பெட்டியில், 40 ஹெர்ட்ஸில், ஒரு மீட்டரில் அதனால் தர முடிந்தது ஏறத்தாழ 85 டெசிபெல். எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் போட்டாலும் அவ்வளவுதான், கூம்புக்குப் போக இடம் இல்லை. 80 ஹெர்ட்ஸ் என்றால் அதே கூம்பு 97 வரை போகும். இப்போது பன்னிரண்டு அங்குல வூஃபர்: பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர், அசைவு பத்து மில்லிமீட்டர். 40 ஹெர்ட்ஸில் 106. இந்த 21 டெசிபெல் இடைவெளியை எந்தத் தொழில்நுட்பமும் நிரப்புவதில்லை. பெட்டியில் துளை வைத்துச் செய்வது (போர்ட் என்பார்கள்) ஒரு குறுகிய பகுதியில் சில டெசிபெல் கை கொடுக்கும், அதற்குக் கீழே கூம்பை அம்போ என்று விட்டுவிடும்.

பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. ஆண் குரலோ பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். ஆக, குரலுக்குச் சின்ன ஸ்பீக்கர் போதும், பேஸ் கிட்டாருக்குப் போதாது என்பது ரசனை சார்ந்த கருத்தே அல்ல, காற்றின் கணக்கு.

பெட்டியின் அளவு ஏன் பெரிதாக வேண்டும் என்பதற்கும் ஒரு விதி உண்டு. கேஎல்ஹெச் (KLH) என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் உள்ள மூன்றாவது எழுத்துக்குச் சொந்தக்காரரான ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் அது சொல்லப்படுகிறது. ஆழமான பேஸ் (கீழ்ச் சுருதி ஒலி), சின்னப் பெட்டி, குறைந்த மின்சக்தியில் நிறையச் சத்தம்: மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய சின்ன ஸ்பீக்கர்களில் சில நிஜமாகவே ஆழமாகப் போகின்றன, ஆனால் மூன்றாவதை விட்டுக்கொடுத்துத்தான். மெதுவாக வைத்தால் 40 ஹெர்ட்ஸ் வரும், வால்யூமைக் கூட்டியதும் உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு பேஸை ரகசியமாகக் குறைத்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். பாதி வால்யூமில் இருந்த கனம் முழு வால்யூமில் இருக்காது.

சின்னக் கூம்புக்கு இன்னொரு சிரமம், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்ப்பது. பெரும்பாலான சின்ன ஸ்பீக்கர்களில் பேஸும் குரலும் ஒரே கூம்பிலிருந்துதான் வருகின்றன. பேஸுக்காகக் கூம்பு நீளமாக ஆடும்போது, அதே கூம்பின் மேல் உட்கார்ந்து வரும் குரலும் சேர்ந்து ஆடுகிறது. நீளமான பேஸ் சுருதியின் மேல் ஒரு பெண் குரல் வரும் பாட்டை எடுத்து வால்யூமைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில், பேஸ் ஒலிக்கும்போதெல்லாம் குரல் லேசாகக் கரகரத்து, பேஸ் நின்றதும் தெளிந்துவிடும். அந்த இடம்தான் அந்த ஸ்பீக்கரின் எல்லை. கடையில் கொடுக்கும் தாளில் அது இருக்காது.

சத்தம் என்பது உச்சத்தின் கணக்கு

"எனக்கு அவ்வளவு சத்தம் வேண்டாம், மெதுவாகத்தான் கேட்பேன்" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சராசரிச் சத்தம். நிஜத்தன்மை இருப்பது உச்சத்தில். நன்றாகப் பதிவான ஒரு கச்சேரியிலோ ஆர்கெஸ்ட்ராவிலோ சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே 15 முதல் 20 டெசிபெல் இருக்கும். மிருதங்கத்தில் விரல் விழும் அந்தக் கணம், பியானோவில் சுத்தி தந்தியைத் தொடும் கணம், அதெல்லாம் சராசரியைவிட எங்கேயோ மேலே இருக்கும், ஒரு விநாடியில் சிறு பங்குதான் நீடிக்கும். அதை முழுசாக விட்டால் வாத்தியம் அறைக்குள் இருப்பதுபோல் தோன்றும். நசுக்கிவிட்டால் நல்ல ரேடியோ.

இந்த உச்சத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும்? சென்சிடிவிட்டி என்று ஒரு எண் எல்லா ஸ்பீக்கருக்கும் கொடுப்பார்கள்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல் என்பது அது. சின்ன ஸ்பீக்கருக்கு 85 என்று வைப்போம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவதையும் சேர்த்துச் சுமார் ஆறு டெசிபெல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் மூன்று கூடும். ஆக ஸ்பீக்கருக்கு ஒரு வாட் வீதம் கொடுத்தால் நாற்காலியில் 82. உச்சம் 100 வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 63 வாட். 105 என்றால் 200. டிரம்ஸை உத்தேசித்து 110 என்றால் 630 வாட், அதற்குள் அந்த ஸ்பீக்கர் புகைந்திருக்கும். சென்சிடிவிட்டி 95 உள்ள பெரிய ஸ்பீக்கருக்கோ அதே 110-க்கு 63 வாட் போதும்.

ஆம்ப்ளிஃபயரில் எத்தனை வாட் என்று கேட்பதை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைக் கேட்பது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பத்து டெசிபெல் சென்சிடிவிட்டி, பத்து மடங்கு ஆம்ப்ளிஃபயருக்குச் சமம்.

சூடு வேறு இருக்கிறது. ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் சக்தியில் மிகப் பெரும்பகுதி ஒலியாவதில்லை, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளில் (காயில்) வெப்பமாகத்தான் போகிறது. தாமிரக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை 40 சதவீதம் அதிகம், ஒலி கிட்டத்தட்ட மூன்று டெசிபெல் குறைவு. சின்ன ஸ்பீக்கரின் காயில் விட்டம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்தான், சீக்கிரம் சூடாகும். மேடை ஸ்பீக்கர்களில் 75, 100 மில்லிமீட்டர் காயில்கள் சாதாரணம். சத்தமாகக் கேட்கும்போது சின்ன ஸ்பீக்கரில் பாட்டு 'தட்டையாக' ஆவதற்கு இதுவும் காரணம். கூட்டிய வால்யூம் எங்கேயோ போய்விட்டதுபோல் இருக்கும்.

எல்லாப் பாட்டுக்கும் இந்தக் கவலை வேண்டியதில்லை. இன்றைய ஜனரஞ்சகப் பாடல்கள் பலவற்றில் பதிவின்போதே உச்சங்களை அமுக்கி, சராசரியைத் தூக்கிவிடுகிறார்கள். சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே எட்டு டெசிபெல்கூட இல்லாத பதிவுகள் ஏராளம். நீங்கள் கேட்பது பெரும்பாலும் அவைதான் என்றால், 110 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கி அதில் பயன்படாத 15 டெசிபெல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மெதுவாக வைத்தால் ஏன் உயிரில்லை

1933-இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் காதின் ஒரு குணத்தை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறையும்போது காது எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைத்துக் கேட்பதில்லை, பேஸைத்தான் முதலில் கைவிடுகிறது. பின்னர் திருத்தப்பட்ட சர்வதேசத் தரத்தின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல்லுக்கு இணையாக 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் சுமார் 78 டெசிபெல் வேண்டும். சத்தமாக வைக்க வைக்க இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

அப்படியானால் ஒவ்வொரு பதிவுக்கும் அது நிஜமாக ஒலிக்கும் ஒரு வால்யூம் இருக்கிறது, அநேகமாக ஒன்றே ஒன்றுதான். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கூட வாத்தியம் அதிகம் இல்லாத ஒரு தனிக் குரல் பதிவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவரை வால்யூமை மெல்லக் கூட்டச் சொல்லுங்கள். முதலில் குரல் சின்னதாக, தூரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். ஓர் இடத்தில் ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒரு ஆள், ஆளின் சைஸில், நெஞ்சும் தொண்டையுமாக நிற்பார். அதற்கு மேல் இரண்டு படி கூட்டினால் அவர் வாய் ஜன்னல் அளவுக்குப் பெரிதாகிவிடும். அந்த நடு இடத்தில் ஃபோனில் ஒரு சவுண்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால் குரலுக்கு 70-ஐ ஒட்டித்தான் காட்டும். நல்ல சின்ன ஸ்பீக்கர் அங்கே வியர்க்கவே வியர்க்காது.

அதே சோதனையை டிரம்ஸ் பதிவில் செய்தால், சின்ன ஸ்பீக்கர் அந்த நடு இடத்துக்கு வந்து சேருவதே இல்லை. ஆள் சைஸ் வருவதற்கு முன்பே காது கூச ஆரம்பித்துவிடும், உங்கள் கை தானாக வால்யூமைக் குறைக்கும். காதைக் கூசவைத்தது பெரும்பாலும் சத்தம் அல்ல, சத்தத்தோடு வந்த சேதாரம். பெரிய, சுத்தமான ஸ்பீக்கரில் அதைவிடக் கூடுதல் சத்தம் இதமாகவே இருக்கும். அதில் ஆபத்தும் உண்டு, எவ்வளவு சத்தம் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருப்போம்.

சரி, எதை எடுப்பது?

சின்ன ஜோடி மட்டும்: புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று சொல்லப்படும் ஐந்து, ஆறரை அங்குல வகை. இதன் உச்சகட்ட உதாரணம் 1970-களில் பிபிசி தன் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டி, ஐந்து அங்குல வூஃபர். மனிதக் குரலுக்கு அதைவிட நிஜமாக ஒலிக்கும் ஸ்பீக்கர் இல்லை என்று ஐம்பது ஆண்டுகளாக அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை. ஆனால் சென்சிடிவிட்டி 83-ஐ ஒட்டித்தான். மேலே போட்ட கணக்கில் வைத்தால், நாற்காலியில் 95-ஐத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். கீழ் பேஸ் கிடையாது. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே லேசான ஒரு மேட்டை வைத்து, பேஸ் இருப்பதுபோல் ஒரு பாவனை காட்டினார்கள், புத்திசாலித்தனமான பாவனை. சின்னப் பெட்டிக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: பக்கங்கள் சிறியவை என்பதால் அவை அதிர்ந்து தன் குரலைச் சேர்ப்பது குறைவு, ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஸ்பீக்கர் மறைந்துபோகும். குரல், வீணை, வயலின், கிட்டார், இரண்டு மீட்டர் தூரம்: இவ்வளவுதான் உங்கள் உலகம் என்றால் இதற்கு மேல் செலவு செய்வது வீண்.

சின்ன ஜோடி, கூட ஒரு சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி): பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். காரணம் பேஸ் கூடுகிறது என்பது மட்டுமல்ல. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டால், சின்னக் கூம்பு நீளமாக ஆட வேண்டிய தேவையே போய்விடுகிறது. குரலின் கரகரப்பு போகும், அதே ஸ்பீக்கர் சில டெசிபெல் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை. சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியிலிருந்து பேஸை நிஜமாகவே வெட்ட வேண்டும். சப்வூஃபரை மட்டும் கூடச் செருகிவிட்டு, ஸ்பீக்கர்களை முன்போலவே முழு ஒலியோடு ஓடவிட்டால் பேஸ் கனமாகும், சுமை குறையாது. வாங்கும் ஆம்ப்ளிஃபயரிலோ சப்வூஃபரிலோ அந்த வெட்டும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது, சப்வூஃபர் எத்தனை அங்குலம் என்று பார்ப்பதைவிட முக்கியம்.

இன்னொரு லாபம், பேஸை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் தெரியாது. எனவே சப்வூஃபரை அறையில் எங்கு நன்றாக ஒலிக்கிறதோ அங்கு வைக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் சுருதிகள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கும் மூலைதான் அதன் இடம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. சரியாகப் பொருத்தாத சப்வூஃபர், இல்லாததைவிட மோசம். மாடியில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோல் பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் உறுமிக்கொண்டிருக்கும். முடிந்தால் ஒரு பெரியதற்குப் பதில் இரண்டு நடுத்தரமானவை, அறையின் மேடு பள்ளங்கள் தணியும்.

டவர் ஸ்பீக்கர்: நின்ற பெட்டி, இரண்டு மூன்று வூஃபர், சென்சிடிவிட்டி பெரும்பாலும் 87 முதல் 91. ஒல்லியாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், நான்கு ஐந்து அங்குல வூஃபர்கள் சேர்ந்தால் பத்து அங்குலம் ஒன்றுக்குச் சமமான பரப்பு வந்துவிடும். மூன்று வழி டவர் (பேஸ், நடு ஒலி, மேல் ஒலி என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது) என்றால் குரலுக்குத் தனி கூம்பு, பேஸின் ஆட்டம் அதைத் தொடாது. பியானோ, செல்லோ போன்றவற்றுக்கு ஓர் உடம்பு கிடைப்பது இதில்தான். சப்வூஃபர் பொருத்தும் தலைவலியும் இல்லை. குறை என்னவென்றால், பேஸும் மேல் ஒலியும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். குரல் நன்றாக வரும் இடத்தில் பேஸ் குழம்பலாம், பேஸ் நன்றாக வரும் மூலையில் குரல் கெடலாம். மலிவான டவர்களை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய பலகை, மெல்லிய பலகை என்றால் பெட்டியே பாடத் தொடங்கும். அதே பணத்துக்கு நல்ல சின்ன ஜோடியை வாங்கி, ஓராண்டு கழித்து சப்வூஃபர் சேர்ப்பது மேல்.

ஹார்ன் (எக்காளம்போல் விரிந்துகொண்டே போகும் குழல் வழியே ஒலியை வெளியே விடும் அமைப்பு) போன்ற அதிக சென்சிடிவிட்டிப் பெட்டிகள்: பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் இந்த வகையின் மூத்தது. பதினைந்து அங்குல வூஃபர், அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்தும் அமைப்பு, சென்சிடிவிட்டி 105-ஐ ஒட்டி. நாம் போட்ட கணக்கில் ஒரு வாட்டுக்கு நாற்காலியில் 102 டெசிபெல். கூம்பு ஆடுவதே தெரியாது, காயில் சூடாவதில்லை, உச்சம் வந்தால் வந்தபடியே போகும். டிரம்ஸ், தவில், நாகஸ்வரம், டிரம்பெட் இதையெல்லாம் நிஜ அளவில் கேட்க ஆசைப்படுபவர் ஒருமுறையாவது இந்த வகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும். மெதுவாக வைத்தாலும் அந்தத் துள்ளல் போகாது என்பது இதன் ரசிகர்கள் சொல்வது, ஓரளவு உண்மை. விலை என்ன என்றால், இடம். மூன்று மீட்டராவது தள்ளி உட்காராவிட்டால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒலி பிரிந்து கேட்கும். சில ஹார்ன்களில் குரலுக்குக் கையைக் குவித்துக் கூப்பிடும் ஒரு சாயல் ஏறிவிடும், எனக்கு அது ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய இரைச்சலும் இவற்றில் பளிச்சென்று கேட்கும்.

மேடை ஸ்பீக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவருவதும் இதே வழிதான். பன்னிரண்டு அங்குல வூஃபரும் ஹார்னும் உள்ள பெட்டி சத்தத்தில் எந்த வீட்டு ஸ்பீக்கரையும் தூக்கிச் சாப்பிடும். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சிலவற்றில் விசிறி ஓடும் சத்தம் வேறு.

பெரிது என்றாலே சத்தமானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு மறுப்பு உண்டு. 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் அறையைச் சூடாக்கும் ஒரு ரேடியேட்டர் சைஸுக்கு அகலமானது, கூம்புக்குப் பதில் அதில் இருக்கும் மெல்லிய படலம் அசையும் தூரமோ மிகக் குறைவு. குரலில் அபாரம், ஆனால் சத்தமும் ஆழ்ந்த பேஸும் அதற்கு ஆகாது. பரப்பும் அசைவும் சேர்ந்தால்தான் காற்று. சவுண்ட்பார்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, வசனம் புரிவதற்கு அவை நல்லவை, அத்தோடு சரி.

அறையும் நாற்காலியும்

"சின்ன அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் கூடாது" என்பது பரவலான அறிவுரை. பாதிதான் சரி. பயன்படுத்தாத திறன் யாருக்கும் தொந்தரவு தராது. தொந்தரவு தருவது, 40 ஹெர்ட்ஸ் வரை போகும் பேஸ் அறையின் நீளத்தோடு மோதுவது. 4.3 மீட்டர் நீளமுள்ள அறை 40 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். அந்தச் சுருதி வரும்போது மட்டும் பாட்டு பொங்கி வழியும், மற்ற நேரம் இளைத்திருக்கும். இது சப்வூஃபருக்கும் பொருந்தும், ஆனால் சப்வூஃபரை நகர்த்தலாம், ஈக்வலைஸரால் ஒரு சுருதியை மட்டும் அடக்கலாம்.

காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய முன்னேற்றம் நாற்காலியை நகர்த்துவது. தூரத்தைப் பாதியாக்கினால் திறந்தவெளியில் ஆறு டெசிபெல் கூடும், அறைக்குள் கொஞ்சம் குறைவாக. ஆறு டெசிபெல் என்பது நான்கு மடங்கு ஆம்ப்ளிஃபயர். மூன்று மீட்டரில் திணறும் சின்ன ஜோடி ஒன்றரை மீட்டரில் பியானோவை நம்பும்படி வாசிக்கும், சுவர் எதிரொலியும் குறைந்து பதிவில் உள்ள அறை கேட்கும். இரவில் மெதுவாக மட்டுமே கேட்க முடிந்தவருக்கும் இதுதான் வழி: சின்ன ஜோடி, பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் குறையும்போது பேஸைக் கூட்டித்தரும் லவுட்னெஸ் வசதியோடு. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அந்தப் பொத்தான் இருந்தது, இடையில் நாகரிகமில்லை என்று தூக்கிவிட்டார்கள், இப்போது வேறு பெயர்களில் திரும்பி வந்திருக்கிறது. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் ஹாலில், தூரமாக உட்கார்ந்து, சினிமாவும் டிரம்ஸும் பார்ப்பவருக்குச் சின்ன ஜோடி எதைச் சேர்த்தாலும் ஈடாகாது. அங்கே அதிக சென்சிடிவிட்டி டவரோ ஹார்னோ, கூடவே சப்வூஃபர்களும். வீட்டு சினிமாவுக்கான தரக்கணக்கே ஒரு சேனலுக்கு 105 டெசிபெல் உச்சம், பேஸ் சேனலுக்கு 115. அந்த அளவை யாரும் முழுசாக வைத்துக் கேட்பதில்லை, பத்து டெசிபெல் குறைத்தாலே பலருக்குப் போதும்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு சராசரி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதி. சராசரி 75-இல் ஓடி, உச்சங்கள் 95 வரை எட்டிப் பார்த்துவிட்டு வரும் இசை இதற்குள் வசதியாக அடங்கும். ஆபத்து, திணறும் சின்ன ஸ்பீக்கரில் உச்சம் கிடைக்காமல் சராசரியைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் அதிகம்.

கடையில் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது, சத்தம் கூடியதாகத் தெரியாமல் தரம் கூடியதாகத் தெரியும். சென்சிடிவிட்டி வேறுபட்ட இரண்டு ஸ்பீக்கர்களை வால்யூம் குமிழைத் தொடாமல் மாற்றிப் போட்டால் சத்தமானதுதான் ஜெயிக்கும். ஃபோனை நீங்கள் உட்காரும் இடத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி ஓடும் இரைச்சல் ஒலியைப் போட்டு, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்படி சரிசெய்துகொண்டு கேளுங்கள். அப்புறம் இரண்டாவது சுற்று. அங்கே போட்டுக்காட்டுவது எப்போதும் ஒரு மெல்லிய குரலும் ஒரு கிட்டாருமாகத்தான் இருக்கும், அதில் எல்லா ஸ்பீக்கரும் தேறிவிடும். உங்கள் பதிவைக் கொடுங்கள், டிரம்ஸோ தவிலோ பெரிய பியானோவோ இருக்கும் பதிவு. வீட்டில் நீங்கள் உட்காரப்போகும் அதே தூரத்தில் உட்கார்ந்து, கூசத் தொடங்கும்வரை கூட்டச் சொல்லி, எந்த ஜோடி கடைசியாகக் கூசியது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.